ஃபுட்பால் மோல்டு கிட்: மோல்டை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை மாற்றிவிடுங்கள்

ஓவனைத் தொடாமலே அமெரிக்கன் ஃபுட்பால் வடிவத்தில், அதாவது இரண்டு முனையும் குறுகின அந்தப் பழுப்புப் பந்து மாதிரி, இனிப்பு செய்யலாம் என்று சொல்லி விற்கிற ஒரு கிட்டை 26 டாலர் கொடுத்து வாங்கினேன். ஒரு சூப்பர் பவுலுக்கும் (அந்த ஃபுட்பாலின் வருடாந்திர இறுதி ஆட்டம்) ஒரு தேங்ஸ்கிவிங் விருந்துக்கும் பயன்படுத்திவிட்டேன், அதனால் இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது. பெட்டிக்குள் இருக்கிற சிலிக்கான் மோல்டு ரொம்ப நல்லது. கூடவே வருகிற சாக்லேட், மார்ஷ்மெல்லோ, செய்முறை அட்டை, இந்த மூன்றும் வேண்டாம். அதிலும் அட்டையில் உள்ள ஒரு செய்முறையை யாரும் செய்யவே கூடாது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது தெற்கு நியூ ஜெர்சியில். பாலத்தைத் தாண்டினால் ஃபிலடெல்ஃபியா, அதனால் தெருவில் பாதி வீடுகளில் அந்த ஊர் அணியான ஈகிள்ஸின் கொடி பறக்கும். 2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லின்ஸில் ஈகிள்ஸும் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸும் ஆடிய சூப்பர் பவுலுக்கு எங்கள் வீட்டில் 18 பேர், அதில் 7 பேர் குழந்தைகள். மேட்ச் அன்றைக்கு மத்தியானத்திலிருந்து ஓவன் காலியாக இருக்காது, விங்ஸ் ஒரு தட்டு வெளியே வந்தால் சமோசா ஒரு தட்டு உள்ளே போகும், அது முடிந்தால் பன்னீர் டிக்கா, அப்புறம் யாராவது கொண்டுவந்த எதையாவது சூடு பண்ண வேண்டியிருக்கும். அந்த வரிசையில் கேக்குக்கு எங்கே இடம்? அதனால்தான் நோ-பேக் என்று பெட்டியில் போட்டிருந்ததும் கை நீண்டது. கடைகளில் ஜனவரி பாதியிலேயே இந்த மாதிரிப் பெட்டிகளை முன்னால் அடுக்கிவிடுகிறார்கள், யோசிக்க நேரமும் கொடுப்பதில்லை.

பெட்டியைத் திறந்தால் ஆறு குழி உள்ள மோல்டு இரண்டு, பழுப்புச் சாக்லேட் வில்லைகள் ஒரு பை, வெள்ளை வில்லைகள் ஒரு சின்னப் பை, மினி மார்ஷ்மெல்லோ ஒரு பாக்கெட், மூன்று நான்கு பைப்பிங் பைகள், பிளாஸ்டிக் கோல்போஸ்ட் இரண்டு, அப்புறம் அந்த அட்டை. ஒவ்வொரு குழியும் கிட்டத்தட்ட மூன்று இஞ்ச் நீளத்துக்கு அரைப் பந்து வடிவம். இரண்டு அரையை ஒட்டினால் முழுப் பந்து.

மோல்டைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், காசு அதற்குத்தான் தகும். சிலிக்கான் நல்ல தடிமன், அழுத்தினால் வளைகிறது, விட்டால் பழைய வடிவத்துக்கு வந்துவிடுகிறது. நடுவில் லேஸ், அதாவது பந்தை மூடித் தைத்த கயிறு, இருக்கிற இடத்தில் பள்ளம் தெளிவாக இருக்கிறது, நீளமாக ஒரு கோடு, குறுக்கே ஐந்து சின்னக் கோடுகள். நிஜப் பந்தில் குறுக்கே எட்டு இருக்கும், ஆனால் மூன்று இஞ்சுக்குள் எட்டு போட்டால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் ஐந்தே சரி. இரண்டு முனையிலும் வெள்ளைப் பட்டை வரைவதற்கும் பள்ளம் இருக்கிறது. என் அண்ணன் பையனுக்கு பத்து வயது, அவன் பார்த்ததும் சொன்னான், "அத்தை, இது காலேஜ் பந்து, என்.எஃப்.எல் பந்துல பட்டை கிடையாது." உண்மைதான். கல்லூரி ஆட்டத்துப் பந்தில்தான் வெள்ளைப் பட்டை, என்.எஃப்.எல் என்கிற தொழில்முறை லீக்கின் பந்தில் இல்லை. சூப்பர் பவுலில் ஆடுகிற பந்து முழுக்கப் பழுப்பு, வெள்ளையாக இருப்பது லேஸ் மட்டும். ஒஹாயோவில் ஏடா என்கிற சின்ன ஊரில் வில்சன் தொழிற்சாலையில் அதைத் தைக்கிறார்கள், நீளம் 11 இஞ்சும் கொஞ்சமும். சூப்பர் பவுலுக்குச் செய்கிறவர்கள் அந்தப் பட்டைப் பள்ளத்தில் வெள்ளையை விடாமல் பழுப்பையே நிரப்பிவிடுங்கள், சனிக்கிழமை காலேஜ் மேட்ச் பார்க்கிறவர்கள் வெள்ளை விடுங்கள். ஒரே மோல்டில் இரண்டும் முடிகிறது, எனக்கு இது பிடித்திருந்தது.

லேஸை வெள்ளையாக்குவதற்கு அட்டையில் போட்டிருக்கிற வழி, பந்து முழுக்க இறுகி வெளியே வந்த பிறகு மேலே பைப்பிங் பையால் வரைவது. அப்படிச் செய்தால் கை நடுங்கும், கோடு வழியும், குழந்தைகள் கையில் ஒட்டும். நான் இரண்டாவது தடவை தலைகீழாகச் செய்தேன். வெள்ளைச் சாக்லேட்டை உருக்கி, பல் குத்தும் குச்சியால் பள்ளத்தில் மட்டும் தொட்டுத் தொட்டு நிரப்பி, வெளியே வழிந்ததை விரலால் துடைத்துவிட்டு, ஐந்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து, அது இறுகின பிறகு மேலே பழுப்பு. வெளியே எடுக்கும்போது லேஸ் பந்தோடு பந்தாக, தொட்டாலும் உதிராமல், கடையில் வாங்கின மாதிரி வந்தது. பன்னிரண்டு குழிக்கு இந்த ஒரு வேலைக்கு மட்டும் இருபது நிமிடம் ஆகும், உட்கார்ந்து செய்கிற வேலை, பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் பேசிக்கொண்டே முடித்துவிடலாம்.

பூரணம் வைப்பதற்கான சாக்லேட் ஓடு செய்கிற முறையும் கொஞ்சம் பழக வேண்டும். உருகின சாக்லேட்டைக் குழியில் ஊற்றி நிரப்பிவிட்டால் பல்லை உடைக்கிற கட்டியாகிவிடும். ஒரு ஸ்பூன் விட்டு, ஸ்பூனின் பின்பக்கத்தால் ஓரம் வரைக்கும் ஏற்றிப் பூசி, பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து, மறுபடி ஒரு பூச்சு. ஓரத்தில் இரண்டாவது பூச்சைத் தாராளமாகக் கொடுங்கள், உடைகிறது எப்போதும் ஓரத்தில்தான். மோல்டைத் தனியாகத் தூக்கினால் வளைந்து சாக்லேட் வழிந்துவிடும், அதனால் ஆரம்பத்திலேயே ஒரு தட்டின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பந்து வேண்டுமென்றால் ஒரு தட்டை மைக்ரோவேவில் லேசாகச் சூடு பண்ணி, அரைப் பந்தின் விளிம்பை அதில் இரண்டு விநாடி வைத்து எடுத்து இன்னொரு பாதியோடு அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் எனக்கு அரைப் பந்துதான் வசதி, தட்டில் உருளாமல் உட்காரும்.

சரி, இப்போது குறைகள்.

கிட்டில் வந்த பழுப்பு வில்லைகளுக்கு இனிப்பு மட்டும்தான் இருந்தது, சாக்லேட் ருசி இல்லை, வாயில் மெழுகு மாதிரி அப்பிக்கொண்டது. இந்த மாதிரி வில்லைகளில் கொக்கோ பட்டருக்குப் பதிலாகப் பனங்கொட்டை எண்ணெய் மாதிரி வேறு கொழுப்பு சேர்ப்பார்கள், அதனால்தான் டெம்பரிங், அதாவது சாக்லேட்டின் சூட்டை அளந்து ஏற்றி இறக்குகிற வேலை, எதுவும் பண்ணாமலே உருக்கி ஊற்றினால் பளபளப்பாக இறுகுகிறது. அது குறை இல்லை, வீட்டில் செய்கிறவர்களுக்கு அதுதான் சுலபம். நிஜச் சாக்லேட்டை அப்படியே உருக்கி ஊற்றினால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும், கை பட்டதும் உருகும். ஆனால் அதே வகையிலேயே நல்லதும் கிடைக்கிறதே. இரண்டாவது தடவை கிரடெல்லியின் டார்க் மெல்ட்டிங் வேஃபர்ஸ் வாங்கினேன், அதுவும் டெம்பரிங் வேண்டாத வகைதான், கொஞ்சம் கசப்பு இருக்கிறது, நிறமும் நிஜப் பந்தின் தோல் நிறத்துக்கு இன்னும் பக்கத்தில் வந்தது. உள்ளே வைக்கிற பூரணம் எப்படியும் இனிப்பாகத்தான் இருக்கப்போகிறது, ஓடாவது கொஞ்சம் கசக்கட்டும்.

உருக்குவதில் அட்டை ஒரு பெரிய தப்பைச் சொல்கிறது. சாக்லேட் கெட்டியாக இருந்தால் ஒரு ஸ்பூன் பால் சேர்க்கவும் என்று போட்டிருக்கிறார்கள். நம்பிச் சேர்த்தேன். ஒரு நிமிடத்தில் மொத்தமும் திரிந்து, களிமண் மாதிரி உருண்டுவிட்டது, ஒரு பை முழுக்க வீண். உருகின சாக்லேட்டில் கொஞ்சமாகத் தண்ணீரோ பாலோ பட்டால் அதில் இருக்கிற சர்க்கரையும் கொக்கோவும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிதட்டிவிடும், ஈரமான ஸ்பூன் போதும் அதற்கு. இளக்க வேண்டுமென்றால் தேங்காய் எண்ணெய் ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். மைக்ரோவேவில் பாதிப் பவரில் முப்பது முப்பது விநாடியாக வைத்து ஒவ்வொரு தடவையும் கிளறுங்கள், பார்க்க உருகாத மாதிரி இருக்கும், கிளறினால் இளகிவிடும். பாத்திரமும் ஸ்பூனும் கையும் துடைத்துக் காய்ந்திருக்கட்டும். இதை அட்டையில் ஒரு வரி போட்டிருந்தால் எத்தனையோ வீட்டில் சாக்லேட் மிச்சமாகியிருக்கும்.

அந்தச் செய்யக் கூடாத செய்முறைக்கு வருகிறேன். "குக்கீ டோ ஃபுட்பால்" என்று ஒன்று. வெண்ணெய், சர்க்கரை, மைதா, சாக்லேட் சிப்ஸ் எல்லாவற்றையும் பிசைந்து, ஓட்டுக்குள் வைத்து அப்படியே சாப்பிடச் சொல்கிறது. முட்டை இல்லாததால் பயமில்லை என்று வேறு எழுதியிருக்கிறார்கள். பச்சை மைதா சாப்பிடுகிற பொருள் இல்லை. கோதுமை வயலிலிருந்து ஆலைக்கு வந்து மாவாகிற வழியில் கிருமியைக் கொல்கிற சூடு எங்கேயும் படுவதில்லை. ஈ.கோலை, சால்மொனெல்லா இரண்டுக்காகவும் இந்த நாட்டில் மைதா பாக்கெட்டுகளைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள், இங்கே உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கிற அரசுத் துறையான எஃப்.டி.ஏ பச்சை மாவைச் சுவைத்துக்கூடப் பார்க்காதீர்கள் என்கிறது, வீட்டிலேயே மாவை வறுத்துப் பாதுகாப்பாக்கிவிடலாம் என்று நம்ப வேண்டாம் என்றும் சொல்கிறது. பேக் செய்யாத இனிப்பில் மாவு இருந்தால் அந்தச் செய்முறையைத் தாண்டிப் போய்விடுங்கள். குழந்தைகளுக்கென்று விற்கிற பெட்டியில் இதை அச்சடித்திருப்பது எனக்கு இன்னும் ஆறவில்லை, அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டேன், பதில் வரவில்லை.

இனி மார்ஷ்மெல்லோ. இதைத்தான் நம் ஆட்கள் கவனிக்க வேண்டும்.

முதல் பார்ட்டியில் அட்டையில் இருந்த ரைஸ் கிரிஸ்பீஸ் (கெல்லாக்ஸின் அரிசிப் பொரி) செய்முறையைத்தான் பெரிதாகச் செய்தேன். மூன்று டேபிள்ஸ்பூன் வெண்ணெய், பத்து அவுன்ஸ் மார்ஷ்மெல்லோ, ஆறு கப் பொரி, இந்த அளவு கெல்லாக்ஸ் பெட்டியிலேயே இருக்கிற பழைய கணக்கு, அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளுக்கு இது மனப்பாடம். கிட்டில் வந்த சின்னப் பாக்கெட் அதற்குப் பத்தாது, அதே மாதிரி இன்னொன்று வாங்கிச் சேர்த்தேன். சாதாப் பொரிக்குப் பதில் கோக்கோ கிரிஸ்பீஸ் போட்டால் பழுப்பு நிறம் தானாக வந்துவிடும், மேலே சாக்லேட் பூசவே வேண்டாம், லேஸ் மட்டும் போதும். உள்ளங்கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் மோல்டில் அழுத்தினால் அழகாக வடிவம் பிடிக்கிறது. ரொம்ப இறுக்கி அழுத்தாதீர்கள், ஆறின பிறகு கல்லாகிவிடும்.

தட்டில் அடுக்கி வைத்தேன், எல்லோரும் எடுத்தார்கள். தோழியின் மாமியார் ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கியிருந்தார், முட்டைகூடத் தொடாதவர். ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதுல சேராதது ஒண்ணும் இல்லையேம்மா?" என்று கேட்டார். "இல்லை மாமி, அரிசிப் பொரியும் வெண்ணெயும்தான்" என்று நான் பாட்டுக்குச் சொல்லிவிட்டேன். தோழிக்குச் சந்தேகம் வந்து, குப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் படித்தாள். ஜெலட்டின். எதிலிருந்து எடுத்தது என்று போட்டிருக்கவில்லை, இங்கே சாதாரண மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் அது பன்றியிலிருந்து எடுத்ததுதான், சில சமயம் மாடு. மாமி வாயில் வைக்கவில்லை, நல்லவேளை. ஒன்றும் சொல்லாமல் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அதே அறையில் ஹலால் பார்க்கிற ஒரு குடும்பமும் இருந்தது, அவர்களின் இரண்டு குழந்தைகள் அதற்குள் ஆளுக்கொன்று சாப்பிட்டிருந்தார்கள். அவர்களிடம் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், பெரிய மனதோடு எடுத்துக்கொண்டார்கள்.

பாக்கெட்டின் பின்னால் சின்ன எழுத்தில் ஜெலட்டின் என்று இருந்தது உண்மை. ஆனால் பெட்டியின் வெளிப்பக்கத்தில் பால், சோயா என்று அலர்ஜிக்கானதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டுவிட்டு, இதை உள் பாக்கெட்டின் மடிப்பில் வைத்திருக்கிறார்கள். பார்ட்டிக்கென்று விற்கிற பொருள், பலவிதமான ஆட்கள் சாப்பிடப்போகிறார்கள் என்று தெரிந்தே விற்கிறது. இதற்காகவே நான் இரண்டு நட்சத்திரம் குறைக்கிறேன். டேண்டீஸ் என்று விலங்கு ஜெலட்டின் இல்லாத மார்ஷ்மெல்லோ இருக்கிறது, தேங்ஸ்கிவிங்குக்கு அதைத்தான் போட்டேன், உருகக் கொஞ்சம் நேரம் அதிகம் எடுக்கும், தீயைக் குறைத்து வைத்துப் பொறுமையாகக் கிளற வேண்டும், ருசியில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அன்றைக்கு மாமிக்கு என்ன கொடுப்பது? அலமாரியில் மெட்ஜூல் பேரீச்சம்பழம் ஒரு டப்பா இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் தோன்றியது, இது ஏற்கெனவே ஃபுட்பால் வடிவம்தானே. இரண்டு முனையும் குறுகி, நடு பருத்து, நிறம்கூடப் பழுப்பு. ஒரு பக்கம் கீறிக் கொட்டையை எடுத்து, பீனட் பட்டர் அரை ஸ்பூன் வைத்து மூடி, மிச்சமிருந்த சாக்லேட்டில் முக்கி, பார்ச்மென்ட் பேப்பரில் வைத்து ஃப்ரீசரில் பத்து நிமிடம். வெளியே எடுத்து வெள்ளையால் நீளமாக ஒரு கோடு, குறுக்கே நாலு. மோல்டு இல்லை, மார்ஷ்மெல்லோ இல்லை, அளவு இல்லை. முதல் ஆறை மாமிக்கும் அந்தக் குழந்தைகளுக்கும் கொடுத்தேன். அதற்குப் பிறகு தட்டு என் கையிலிருந்து கீழே போகவே இல்லை, ஆள் ஆளாக வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். கடித்தால் மேலே சாக்லேட் நொறுங்கி, உள்ளே பழம் கேரமல் மாதிரி இழுத்து, நடுவில் கடலையின் உப்பு. அந்த நாளின் எல்லா இனிப்பிலும் இதுதான் முதல் இடம், 26 டாலர் பெட்டியில் இருந்த எதுவும் இதற்குப் பக்கத்தில் வரவில்லை. கடலை அலர்ஜி உள்ள குழந்தை வருகிறதென்றால் சூரியகாந்தி விதை பட்டர் வையுங்கள், முக்குகிற சாக்லேட் பாத்திரத்தையும் தனியாக வையுங்கள், ஒரே பாத்திரத்தில் இரண்டையும் முக்கிவிட்டுப் பிரித்து வைத்துப் பயனில்லை.

ஸ்ட்ராபெரியும் செய்யலாம், பிப்ரவரியில் ஃப்ளோரிடாப் பழம் நன்றாகவே வரும். கழுவிவிட்டு ஒரு மணி நேரமாவது துணியில் காய வைக்க வேண்டும், இல்லையென்றால் சாக்லேட் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அன்றைக்கே தீர்ந்துவிட வேண்டிய பண்டம்.

மோல்டின் ஓட்டுக்குள் வைப்பதற்கு எனக்குச் சரியாக வந்தது ஓரியோவும் க்ரீம் சீஸும். 36 பிஸ்கட்டைக் க்ரீமோடு சேர்த்துப் பொடித்து, எட்டு அவுன்ஸ் க்ரீம் சீஸை வெளியே வைத்து இளகின பிறகு சேர்த்துப் பிசைந்தால் லட்டு பிடிக்கிற பதத்துக்கு வரும். ஓரியோவில் முட்டையும் இல்லை, ஜெலட்டினும் இல்லை. ஓட்டுக்குள் வைத்து, மேலே மெல்லிசாகச் சாக்லேட் பூசி மூடி, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம். மோல்டை அடியிலிருந்து கட்டைவிரலால் அழுத்தினால் டப்பென்று வெளியே வரும், எனக்கு இரண்டாவது தடவை பன்னிரண்டில் ஒன்றுதான் உடைந்தது. இரண்டு நாள் முன்னாலேயே செய்து வைக்கலாம், மூடின டப்பாவில் வையுங்கள், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் பத்து பதினைந்து நிமிடம் வெளியே விட்டால் வேர்வை டப்பாவின் மேல்தான் படியும், சாக்லேட் பளபளப்பு கெடாது.

கோல்போஸ்டைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். சின்னப் பிளாஸ்டிக் பொருள்தான், ஆனால் குழந்தைகளுக்கு அதுதான் பிடித்தது, அதற்காகவே ஒரு மைதானம் செய்தேன். நிஜ மைதானம் இரண்டு கோடியிலும் கோல் லைனுக்குப் பின்னால் இருக்கிற பகுதியான எண்ட் ஜோன் இரண்டையும் சேர்த்து 120 கஜம் நீளம், 53 கஜமும் ஒரு அடியும் அகலம். நம்மிடம் இருக்கிற 13க்கு 9 இஞ்ச் தட்டு அந்தக் கணக்குக்கு ரொம்ப அகலம், அதில் அப்படியே வரைந்தால் குட்டையாக, வேறு ஏதோ விளையாட்டின் மைதானம் மாதிரித் தெரிகிறது. 12 இஞ்ச் நீளம், ஐந்தே கால் இஞ்சுக்குச் சற்று மேல் அகலம் என்று வெட்டிக்கொண்டால் பத்து கஜத்துக்கு ஒரு இஞ்ச், கணக்கு கச்சிதம். ஸ்கேலை வைத்து இஞ்சுக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டால் பதினோரு கோடு வரும், இரண்டு ஓரத்திலும் கோல் லைன், நடுவில் ஐம்பது, இரண்டு பக்கமும் பத்து, இருபது, முப்பது, நாற்பது. அண்ணன் பையன் அரை மணி நேரம் குனிந்து உட்கார்ந்து நம்பர் எழுதினான், அவன் அவ்வளவு நேரம் ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்த மைதானத்துக்கு அடியில் ஓரியோப் பொடியும் உருக்கின வெண்ணெயும் அழுத்தி, அதன் மேல் எட்டு அவுன்ஸ் க்ரீம் சீஸை நன்றாக அடித்து, அதில் ஜெல்லோ இன்ஸ்டன்ட் சாக்லேட் புட்டிங் பெரிய பாக்கெட் ஒன்றையும் குளிர்ந்த பால் இரண்டு கப்பையும் சேர்த்து அடித்து ஊற்றினேன். பாக்கெட்டில் போட்டிருப்பதைவிடப் பாலைக் குறைத்ததால்தான் வெட்டுகிற அளவுக்கு இறுகியது. ஜெல்லோ என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இன்ஸ்டன்ட் புட்டிங் ஸ்டார்ச்சால் கெட்டிப்படுவது, ஜெலட்டின் கிடையாது, அந்த ஆடுகிற ஜெல்லோ வேறு. தட்டில் முதலிலேயே பார்ச்மென்ட் பேப்பரை ஓரம் வெளியே தொங்கும்படி விரித்துவிடுங்கள், ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் பேப்பரோடு தூக்கி வெட்டலாம். புல்லுக்குத் தேங்காய்த் துருவல். இந்தியக் கடையில் வாங்குகிற ஃப்ரோஸன் துருவலை எடுத்தேன், ஈரம் இறங்கிப் பச்சை நிறம் புட்டிங் முழுக்கப் பரவிவிட்டது. காய்ந்த துருவல்தான் வேண்டும், ஒரு ஜிப் பையில் போட்டுப் பச்சை நிறம் இரண்டு சொட்டு விட்டுக் குலுக்கினால் போதும். வெட்டினது போக மிச்சமிருந்த நீளத் துண்டைச் சின்னக் கப்புகளில் போட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

நேரக் கணக்கு. அட்டை 15 நிமிடம் என்கிறது, அது கலக்குகிற நேரம் மட்டும். உருக்கி, பூசி, இறுக வைத்து, நிரப்பி, மூடி, மறுபடி இறுக வைத்து, என்று பன்னிரண்டு பந்துக்கு எனக்கு முதல் தடவை மூன்று மணி நேரம், இரண்டாவது தடவை இரண்டு. மேட்ச் அன்றைக்கு ஆரம்பிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி ஓடு, சனிக்கிழமை பூரணம், ஞாயிறு வெளியே எடுப்பது மட்டும். சூப்பர் பவுல் எங்கள் பக்கம் சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பிக்கிறது, ஹாஃப்டைம் வர எட்டு மணி தாண்டிவிடும். க்ரீம் சீஸ் இருக்கிற எதையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, அதனால் ஆரம்பத்திலேயே மேஜையில் பரப்பாமல் ஹாஃப்டைமில் எடுத்தேன். மற்ற என்.எஃப்.எல் மேட்ச்சில் ஹாஃப்டைம் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், சூப்பர் பவுலில்தான் பாட்டு நிகழ்ச்சி இருப்பதால் அரை மணி நேரம் கிட்ட கிடைக்கும், எல்லோரும் எழுந்து வந்து சாப்பிடவும் முடியும். அன்றைக்கு ஹாஃப்டைமில் ஈகிள்ஸ் 24, சீஃப்ஸ் 0. வீட்டில் இருந்த சத்தத்தில் மைதானத்தின் ஒரு எண்ட் ஜோன் எப்போது காணாமல் போனது என்றே தெரியவில்லை. கடைசியில் 40-22 என்று முடிந்தது, வெளியே தெருவில் கார் ஹார்ன் அடங்கப் பன்னிரண்டு மணி தாண்டியது.

வாங்கலாமா என்றால், இதே மாதிரி ஃபுட்பால் மோல்டு மட்டும் தனியாகப் பத்து டாலருக்குள் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். லேஸ் பள்ளம் ஆழமாக இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், மேலோட்டமாக இருக்கிற மோல்டில் வெள்ளை நிற்காது. மிச்சக் காசில் நல்ல மெல்ட்டிங் வேஃபர்ஸ் ஒரு பை, மெட்ஜூல் ஒரு டப்பா. கிட்டாகவே யாராவது பரிசு கொடுத்தால் மோல்டையும் கோல்போஸ்டையும் வைத்துக்கொண்டு, அட்டையைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், குழந்தைகள் கையில் அந்தக் குக்கீ டோ பக்கம் கிடைக்க வேண்டாம். கிட்டுக்கு என் கணக்கில் ஐந்துக்கு இரண்டு, மோல்டுக்கு மட்டும் என்றால் நாலரை.

கழுவும்போது வெந்நீரும் கொஞ்சம் சோப்பும் போதும், லேஸ் பள்ளத்துக்குப் பழைய டூத் பிரஷ். மசாலா டப்பா இருக்கிற அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள். சிலிக்கான் வாசனையை இழுத்துக்கொள்ளும், என்னுடையதில் ஒன்றில் கரம் மசாலா வாசனை ஏறிப்போய், மூன்று தடவை பேக்கிங் சோடாவில் ஊற வைத்த பிறகுதான் போனது.